புதன்கிழமைக் கடல்

சென்னைக்கு வெளியே ஒரு பெரிய பொழுதுபோக்குப் பூங்காவில் சில வருடங்கள் டிக்கெட் கவுன்டரில் வேலை பார்த்தேன். சாயங்காலம் ஷட்டரை இறக்கியதும் மேலதிகாரி இரண்டே கேள்விகள் கேட்பார். இன்றைக்கு எத்தனை பேர் வந்தார்கள்? தலைக்கு எவ்வளவு விட்டுவிட்டுப் போனார்கள்? மழை பெய்தால் முதல் கேள்விக்குப் பதில் சுருங்கும், பரீட்சை முடிந்த மாதத்தில் அது வீங்கும். எனக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். கொரோனா வந்தபோது அந்த இரண்டு கேள்விகளையும் கேட்க ஆளில்லாமல் போய்விட்டது. முதல் மாதம் பாதிச் சம்பளம் வந்தது, அடுத்த மாதம் ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது. இ-பாஸ் வாங்கி, மூன்று குடும்பங்களோடு ஒரு வேனில் நெருக்கியடித்துக்கொண்டு சங்கரன்கோவிலுக்குத் திரும்பினேன்.

தெருவில் என்னைக் கண்டால் முகக்கவசத்தை மேலே இழுத்துவிடுவார்கள். தனிமைப்படுத்திய நாட்கள் முடிந்த பிறகும் யாரும் பக்கத்தில் வரவில்லை. வேலை தேடுகிறேன் என்று சொன்னால், "இருக்கவனுக்கே வேலை இல்ல" என்று அப்பா சிரிப்பார். அவர்தான் ஒருநாள் டீக்கடையில் கேட்ட பேச்சைக் கொண்டுவந்தார். ராஜபாளையம் ரோட்டில் ஒரு அக்கா பார்க் நடத்துகிறாளே, அங்கே ஆளே இல்லாமல் ராட்டினம் தினமும் சுற்றுகிறதாம். அந்த அக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களாம்.

மறுநாளே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன்.

அந்தப் பூங்காவை நான் ஊரில் இல்லாத காலத்தில் கட்டியிருந்தார்கள். பருத்தியும் உளுந்தும் போட்ட மானாவாரி நிலத்தில் பாதியை எடுத்து ஒரு ராட்டினம், ஆடும் கப்பல், குட்டி ரயில், மூன்று சறுக்குகள் எல்லாம் வைத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் பின்னால், தனி மதிலுக்குள், மோட்டார் வைத்து அலை எழுப்புகிற ஒரு அலைக்குளம். போர்டில் 'வேவ் பூல்' என்று எழுதியிருந்தாலும் சுற்றுப்பட்டு ஊர்களில் அதற்குப் பெயர் 'கடலு'. கடலுக்குப் போகவேண்டுமானால் திருச்செந்தூருக்கு பஸ் ஏறவேண்டிய ஊர்க்காரர்கள் வைத்த பெயர்.

நான் போனபோது ராட்டினம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஆளே இல்லை என்பது பொய். அதன் ஒரு தொட்டியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். நூல் புடவை, முகக்கவசம், தலையைச் சாய்த்து எதையோ கவனிக்கிற மாதிரி ஒரு இருப்பு. கீழே சுவிட்சுப் பக்கத்தில் ராட்டினம் ஓட்டுகிற அண்ணாச்சி நின்றார். ஊர் பேசிய அந்த அக்கா அவள்தான். அவள் இறங்கி வந்ததும், நான் வந்த காரியத்தைச் சொல்லாமல் முதலில் அதைத்தான் கேட்டேன்.

"எக்கா, சும்மா எதுக்குச் சுத்துதிய?"

"ஓடாம கெடந்தா பேரிங் புடிச்சுக்கிடும். வயர எலி கடிச்சிரும். தெனமும் எல்லாத்தையும் ஒருவாட்டி ஓட்டணும்."

"அதுக்கு நீங்க ஏறணுமா?"

"ஆளு இருந்தாத்தான் சத்தம் மாறுதான்னு தெரியும். யாரோ ஒரு ஆளு ஏறணும்லா, நானே ஏறுதேன்."

அண்ணாச்சி, "நான் ஏறுதேன்னா விட மாட்டேங்காவ" என்றார்.

அங்கேயே நின்றபடி என்னிடம் விசாரித்தாள். சென்னைப் பூங்காவில் வேலை பார்த்தவள் என்றதும் முகம் மாறியது. அலுவலக அறைக்குக் கூட்டிப்போய், விசிறியைப் போட்டு, இரண்டு நாற்காலிகளைத் தள்ளித்தள்ளி வைத்தாள்.

"கேளு மக்கா. தொறக்க விட்டாலும் பாதிப் பேரத்தான் விடணும்னு சொல்லுதாவ. கடலுக்கு மோட்டார் போட்டா பத்துப் பேரு குளிச்சாலும் ஆயிரம் பேரு குளிச்சாலும் ஒரே கரன்டுதான். பாதிப் பேர வச்சு முழுப் பார்க்க எப்படி ஓட்டுறது? ஒங்க சென்னைப் பார்க்குல என்ன செய்வாவ?"

பெரிய பூங்காக்கள் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். கூட்டம் குறைந்தால் டிக்கெட்டை ஏற்றுவார்கள். வருகிற கொஞ்சம் பேரிடம் கூடுதலாக வாங்குவார்கள். அதைச் சொன்னேன். அவள் உடனே மறுக்கவில்லை.

"ஏத்தலாம். ஏத்தினா வாற ஆளு வேற ஆளாப் போயிரும். இளையரசனேந்தல்ல இருந்து ஷேர் ஆட்டோவுல வாறவ வர மாட்டா. கார்ல வாறவன் வருவான், அவனுக்கு இந்தப் பார்க்கு பத்தாது, அடுத்தவாட்டி குற்றாலம் போயிருவான். அப்புறம் நான் யாருக்கு ஓட்ட?"

அன்றைக்கு வேலை கிடைத்தது. சம்பளம் இவ்வளவுதான் தர முடியும் என்று சங்கடத்தோடு சொன்னாள். சரி என்றேன்.

மார்கழியில் திறக்க அனுமதி வந்தது. திறப்பதற்கு முந்தின நாள் வேலையாட்கள் எல்லோரையும் மரத்தடியில் இடைவெளி விட்டு உட்காரவைத்தாள். அவள் பேசிய பேச்சு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"எல்லாருக்கும் முழு நாள் வேலை குடுக்க இப்ப எனக்குச் சத்து இல்ல. ஆளக் குறைக்கட்டுமா, நாளக் குறைக்கட்டுமா? நீங்களே சொல்லுங்க."

கடைசியில் ராட்டின அண்ணாச்சிதான் எழுந்தார். "நாளக் குறைங்க. எங்களுக்குள்ள மாத்தி மாத்தி வந்துக்கிடுதோம்" என்றார். அப்படித்தான் நடந்தது. அலைக்குளத்தின் மோட்டாரும் வாரத்தில் மூன்று நாள் மட்டுமே என்று முடிவானது. சனி, ஞாயிறு, நடுவில் புதன். மற்ற நாட்களில் சாயங்காலம் ராட்டினமும் ரயிலும் மட்டும் ஓடும்.

பாதிக்கு மேல் விடக்கூடாது என்பதற்காக அவ்வளவு ஏற்பாடு செய்தோம். ஆனால் கால்வாசி கூட வரவில்லை. தண்ணீரில் கிருமி பரவும் என்று ஜனங்கள் பயந்தார்கள். அக்கா வாசலில் ஒரு மேசையைப் போட்டாள். மணிக்கு ஒரு தடவை அலைக்குளத்துத் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்துவந்து, எல்லோர் கண்ணெதிரிலும் மருந்து சொட்டுவாள். குளோரின் சரியாக இருந்தால் தண்ணீர் மஞ்சளாகும். "இந்த மஞ்சளு இருந்தா பயப்படாண்டாம். இல்லன்னா நானே உள்ள விட மாட்டேன்" என்பாள். ஒருநாள் மஞ்சள் வெளிறிப் போயிருந்தது. வாசலில் நின்ற இரண்டு குடும்பங்களை ஒரு மணிநேரம் காக்கவைத்து, குளோரின் கலந்து, மறுபடி சொட்டிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே விட்டாள். அந்தச் செய்தி ஊரில் பரவியது. அடுத்த வாரம் கொஞ்சம் ஆள் கூடினார்கள்.

அந்த நாட்களில் ஒரு புதன்கிழமைதான் அது நடந்தது. மிகக் குறைவான ஆட்கள் வந்த நாள். இளையரசனேந்தல் பக்கத்திலிருந்து நான்கு பெண்கள் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். பிள்ளைகள் நேராகத் தண்ணீரில் பாய்ந்துவிட்டன. பெண்கள் வழக்கம்போலக் கரையில் இருந்த சிமென்டுப் படியில் உட்கார்ந்தார்கள். மடியில் பை, பைக்குள் துண்டும் மாற்றுத்துணியும் சாப்பாடும். எந்தப் பூங்காவிலும் நான் பார்த்த காட்சிதான். அதைக் காட்சி என்றுகூட நினைத்ததில்லை. பெண்கள் கரையில் இருப்பார்கள், அவ்வளவுதான்.

அன்றைக்குக் குளத்தில் ஆண்களே இல்லை. அந்த நால்வரில் ஒருத்தி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு கரையில் நின்றுகொண்டிருந்த அக்காவிடம் போனாள். அக்காதான் முதலாளி என்று அவளுக்குத் தெரியாது.

"எக்கா, இந்தப் பைய செத்த பாத்துக்கிடுதியளா? கால மட்டும் நனைச்சிட்டு வந்துருதோம்."

அக்கா கையை நீட்டினாள். ஒரு பை, பின்னாலேயே இன்னும் மூன்று. நால்வரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு போனார்கள். கால் நனைந்தது. முழங்கால் நனைந்தது. அலை வருவதற்கு முன் சைரன் ஊதியது, அலை வந்தது, நான்கு பேரும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு கவுன்டர் வரை கேட்டது. நான் எட்டிப் பார்த்தேன். இரண்டு தோளிலும் இரண்டிரண்டு பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, வெயிலில், அக்கா நகராமல் நின்றுகொண்டிருந்தாள். அவர்கள் கரையேறுகிற வரை அப்படியே நின்றாள். அவர்கள் ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டு பூங்காவின் சமையல்கட்டில் சுக்குக் காபியும் பிரியாணியும் கேட்டார்கள். பையிலிருந்த புளிச்சோறு அப்படியே திரும்பிப் போனது.

சாயங்காலம் அக்கா கவுன்டருக்கு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, கொரோனாவுக்கு முந்தி நாம பாதிப் பேருக்குத்தான் பார்க்கு நடத்தியிருக்கோம், தெரியுமா?"

"அது எப்படிக்கா? ஞாயித்துக்கெழம நிக்க எடம் இருக்காதுன்னு சொல்லுவாவளே."

"டிக்கெட்டு எல்லாருக்கும் வாங்குவாவ. எறங்குறது ஆம்பளையும் புள்ளையளும். பொம்பளையளு துட்டு குடுத்துப் பைக்குக் காவல் இருந்துட்டுப் போவாளுவ. இத்தன வருசமா பாத்திருக்கேன், என் கண்ணுல படல."

அவள் குரலில் வருத்தத்தைவிட ஒரு வேகம்தான் இருந்தது. அந்த வாரமே வேலையைத் தொடங்கினாள். புதன்கிழமை பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் என்று முடிவு செய்தாள். பைகளுக்குப் பூட்டுப்போட்ட பெட்டி வந்தது. புடவையோடு தண்ணீரில் இறங்குவது ஆபத்து, குளிப்பதற்கென விற்கிற நைலான் உடுப்பை நம் பெண்கள் போடமாட்டார்கள். ஊரில் தைக்கிற ஒரு அம்மாவிடம் சொல்லி, சீக்கிரம் காயும் துணியில் முழுக்கை வைத்த தொளதொளச் சட்டையும் பேன்ட்டும் தைக்க வைத்தாள். கடுநீலம், யாருக்கும் உடம்பு தெரியாது. அதை வாடகைக்குக் கொடுத்தோம். சமையல்கட்டில் வேலைபார்த்த ஒரு அக்கா சின்ன வயதில் தோட்டக் கிணறுகளில் நீந்திப் பழகியவள். அவளுக்கு முறையாகப் பயிற்சி கொடுத்து, விசிலைக் கழுத்தில் மாட்டி, குளத்துக்குக் காவலாக நிறுத்தினாள். எனக்குத் தெரிந்த ஒரு வேலையை நானும் செய்தேன். போனில் பெயரைப் பதிவு செய்து, வரவேண்டிய நேரத்தைச் சொல்லி, வாசலில் நெரிசல் இல்லாமல் பார்த்துக்கொண்டேன்.

மகளிர் குழுக்கள் வழியாகப் பேச்சு ஊர் ஊராகப் போனது. சிவகிரியிலிருந்து ஒரு குழு வந்தது. அவர்கள் சொல்லி இன்னொன்று வந்தது. தை முடிவதற்குள், வாரத்திலேயே ஆள் வராத நாளாக இருந்த புதன், பதிவு நிறைகிற நாளாக ஆகிவிட்டது.

மாசியில் ஒரு புதன். உளுந்தும் பாசியும் எடுத்து முடித்து, கையில் கொஞ்சம் காசு புழங்குகிற சமயம். உச்சிக்கு முன்பே எங்களுக்கு அனுமதித்த எண்ணிக்கை முடிந்துவிட்டது. கவுன்டரை மூடப்போனபோது திருவேங்கடம் பக்கத்திலிருந்து மூன்று வேன்கள் வந்து நின்றன. பதிவு எதுவும் செய்யாதவர்கள். எல்லாம் காட்டு வேலைக்குப் போகிற பெண்கள், தலையில் பூ, புதுச் சேலை.

நான் அக்காவிடம் ஓடினேன். அந்த மாதம் மின்சாரக் கட்டணம் எங்களை நெரித்துக்கொண்டிருந்தது. உள்ளே இடைவெளிக்காகப் போட்டிருந்த வட்டங்களில் இன்னும் கொஞ்சம் பேர் நெருங்கி நின்றால் ஒன்றும் ஆகிவிடாது, யாரும் வந்து எண்ணப்போவதில்லை என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லவும் செய்தேன்.

"யாரும் எண்ண மாட்டாவ, சரி. உள்ள குளிக்கிறவளுக்கு நான் என்ன சொல்லி டிக்கெட் குடுத்தேன்? இத்தன பேருதான் இருப்போம், பயப்படாத வான்னு சொன்னேன். அவ அத நம்பித்தான் மாஸ்கக் கழட்டி எறங்கியிருக்கா" என்று சொல்லிவிட்டு வேன்களை நோக்கி நடந்தாள்.

வேனிலிருந்து இறங்கியிருந்த ஒருத்தி முன்னால் வந்தாள். கறுத்து, ஒல்லியாக, அந்தக் கூட்டத்துக்குத் தலைமை மாதிரி இருந்தாள்.

"திருப்பி அனுப்பிராதிய. விடியமுன்ன எந்திச்சுச் சோறாக்கி, மாட்டுக்குத் தண்ணி காட்டி, வீட்டுல சண்ட போட்டுட்டு வந்திருக்கோம். இன்னைக்கு விட்டா இனி விட மாட்டாவ."

"அனுப்ப மாட்டேன்" என்றாள் அக்கா. "ஆனா இப்ப கடலுக்குள்ள விடவும் மாட்டேன். உள்ள ஆளு நெறஞ்சிட்டு. சாயங்காலம் மூடுற நேரத்துக்கு மேல உங்களுக்காவ ஓட்டுதேன். அதுவரைக்கும் மரத்தடியில இருங்க, ராட்டினம் ஏறுங்க, சாப்புடுங்க. இருக்கியளா?"

"நெசமாவா ஓட்டுவிய?"

"நான் இங்கனதான் இருப்பேன். ஓட்டலன்னா என்னக் கேளுங்க."

அவர்கள் தங்களுக்குள் பேசினார்கள். பொழுது சாய்ந்து வீடு திரும்பினால் என்ன பேச்சு வரும் என்பதுதான் பேச்சாக இருந்தது. பிறகு அந்த ஒல்லியான பெண், "பேச்சு எப்படியும் கெடைக்கும். குளிச்சிட்டே வாங்குவோம்" என்றாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே வேன்களிலிருந்து இறங்கினார்கள்.

மோட்டார் ஓட்டுகிறவரும் விசில் அக்காவும் கூடுதல் நேரம் இருக்கச் சம்மதித்தார்கள். ராட்டின அண்ணாச்சி ஒரு தொட்டி விட்டு ஒரு தொட்டியாக அவர்களை ஏற்றிச் சுற்றினார். உள்ளே ஒலிபெருக்கியில் அக்கா சொன்னது இவ்வளவுதான்: "வெளிய திருவேங்கடத்துல இருந்து வந்தவிய காத்திருக்காவ. யாரையும் போகச் சொல்லல. போதும்னு தோணுறவிய வந்தா அவுங்களுக்கு வழி கெடைக்கும்." நான் யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். கொஞ்சநேரத்தில் ஒரு குழு கரையேறியது. பின்னால் இன்னொன்று. ஒருவர் வெளியே வர ஒருவர் உள்ளே என்று எண்ணி எண்ணி விட்டேன். வெயில் தாழ்ந்தபோது குளம் முழுக்கத் திருவேங்கடத்துப் பெண்கள்தான் இருந்தார்கள்.

அந்தத் தலைவி கடுநீலச் சட்டையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இருந்தாள். அலை வரும்போதெல்லாம் ஓடிப்போய் அதன் முன்னால் நிற்பாள். கரையேறியபோது என்னிடம், "திருச்செந்தூருல முட்டளவுக்கு மேல எறங்கினதில்ல. பின்னால எப்பவும் ஒரு ஆளு, போதும் வான்னு கூப்புட்டுக்கிட்டே நிப்பாவ. இங்க யாரும் கூப்புடலயே" என்றாள். துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

அன்றைக்குக் கணக்கு முடித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வந்த தலைகள் பழைய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான். வரவு ஏறக்குறைய அந்த ஞாயிறு அளவுக்கு இருந்தது. உடுப்பு வாடகை, சாப்பாடு, சுக்குக் காபி, இரண்டாம் தடவை ராட்டினம். டிக்கெட் விலையை ஒரு ரூபாய்கூட ஏற்றவில்லை. சென்னையில் அத்தனை வருடம் கூட்டல் பெருக்கல் செய்தவளுக்கு, உள்ளே வந்தவர்களில் எத்தனை பேர் சந்தோஷப்பட்டார்கள் என்று கேட்கவே தோன்றியதில்லை. இந்த அக்கா அதைத்தான் முதலில் கேட்டாள். பணம் அதற்குப் பின்னால் வந்தது.

எல்லாம் நல்லபடியாகவே போய்விட்டது என்று சொல்ல ஆசைதான். சித்திரையில், கூட்டம் வரவேண்டிய கோடை விடுமுறையில், இரண்டாம் அலை எங்களை மறுபடி மூடியது. இந்தத் தடவை அக்காவுக்கே காய்ச்சல் வந்தது. திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கூட இருக்க யாரையும் விடவில்லை. அவள் வீட்டுக்காரர் சாதாரணமாகத் தோட்டத்தை விட்டு இந்தப் பக்கம் வரமாட்டார். அவர் பூங்கா வாசலில் வந்து நின்று, "இத என்ன செய்யன்னு எனக்குத் தெரியலயே" என்றார். ராட்டின அண்ணாச்சி, "நீங்க ஒண்ணும் செய்யாண்டாம். ஆஸ்பத்திரியப் பாருங்க" என்று அனுப்பிவைத்தார். யாரும் சொல்லாமலே ஆட்கள் மாற்றி மாற்றி வந்து மோட்டார்களை ஓட்டினார்கள். சம்பளம் பற்றி ஒருவரும் பேசவில்லை. சமையல்கட்டில் அடுப்பு அணையவில்லை. வீட்டில் தனிமையில் கிடந்தவர்களுக்குக் கஞ்சியும் சோறும் கட்டிக் கொடுத்தோம். முடிந்தவர்கள் காசு கொடுத்தார்கள், முடியாதவர்களுக்குச் சும்மா. நான் போனில் வீடியோ போட்டு அக்காவுக்குக் காட்டினேன். ஆக்ஸிஜன் மாட்டியிருந்ததால் அவளால் பேச முடியவில்லை. ஒவ்வொரு மோட்டாராகக் காட்டச் சொல்லிக் கையை அசைத்தாள். கப்பல் ஆடியபோது கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள், காதைத் தொட்டுக் காட்டினாள். சத்தம் சரியில்லையாம். பிரித்துப் பார்த்தோம். ஒரு போல்ட் தளர்ந்திருந்தது.

பிழைத்து வந்தாள். மெலிந்து, நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்க, கையில் ஊன்றுகோலோடு. ஆவணி வாக்கில் மறுபடி திறந்தபோது வாசலில் ஒரு நாற்காலி போட்டு அதில் உட்கார்ந்தே தண்ணீரைச் சொட்டிக் காட்டினாள். அதற்கடுத்த பொங்கலுக்கும் கொஞ்சநாள் மூடித் திறந்தோம். அதன்பிறகு எல்லாக் கட்டுப்பாடும் போனது.

கட்டுப்பாடு போன பிறகு அவள் எடுத்த முடிவைத்தான் நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு கூட்டம் வந்தாலும் விடலாம் என்று ஆனது. சொந்தக்காரர்கள் அதையே சொன்னார்கள், இரண்டு வருட நஷ்டத்தை ஒரு கோடையில் எடுத்துவிடலாம் என்றார்கள். அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குளத்தின் கரையில் உட்கார்ந்து பார்த்தாள். எந்த அளவுக்கு ஆள் சேர்ந்தால் பெண்கள் தண்ணீரிலிருந்து எழுந்து கரைக்குப் போகிறார்கள் என்பதைத்தான் பார்த்தாள். அந்த அளவுக்குக் கொஞ்சம் கீழே ஒரு கோடு போட்டாள். அதற்கு மேல் எந்த நாளிலும் டிக்கெட் இல்லை. பாதியும் இல்லை, முழுசும் இல்லை. அரசாங்கம் சொல்லாத எண்ணிக்கை, அவளாகக் கண்டுபிடித்தது. முதல் கோடையில் கையைக் கடித்தது. இரண்டாம் கோடையில் சரியானது. இன்றைக்கு வேலையாட்கள் எல்லோருக்கும் முழு நாள் வேலை இருக்கிறது, புதிதாக இரண்டு பெண்கள் விசில் மாட்டியிருக்கிறார்கள்.

சென்னையிலிருந்து பழைய வேலைக்குக் கூப்பிட்டார்கள். போகவில்லை. இப்போது பதிவு எல்லாம் என் பொறுப்பு. இருந்தாலும் புதன்கிழமைக்குக் கூடுதல் இடம் கேட்டு வருகிற போன்களை அக்காதான் வாங்கிக்கொள்வாள். எனக்கு மறுக்கத் தெரியாது என்பது அவள் எண்ணம். போன வாரம்கூட யாரோ பெரிய இடத்துப் பெண்மணி, நாற்பது பேரைக் கூட்டிவருகிறேன், எப்படியாவது நுழைத்துவிடுங்கள் என்று விடாமல் பேசிக்கொண்டிருந்தார். அக்கா நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அடுத்த புதன் வாங்கம்மா. ஒங்க பேர இப்பவே எழுதிக்கிடச் சொல்லுதேன். கடலு எங்கயும் போயிராது" என்றாள்.